ஒரு கடைக்கு ஒரு பெயர்

கீரமங்கலத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் இரண்டு பேர் போன வாரம் என்னைத் தேடி வந்தார்கள். மாவட்டத்துப் படக்காரர்களுக்கெல்லாம் ஒரு சங்கம் வைக்கப் போகிறார்களாம். வீடியோ எடுப்பவர்களையும் அதில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரே கூச்சலாம். அதனால் இவர்களுக்கே சேரத் தயக்கம். "நீங்க இந்தத் தொழில்ல தலை நரைச்சவங்க. சேரலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். சேருங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? நான் பேசிய பேச்சில் அவர்களுக்குக் கடைசி பஸ் தவறிவிட்டது. பாவம், போகும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டைக்கு வந்தது படமெடுக்க அல்ல, படுதா வரைய. சமஸ்தானக் காலம் அது. கீழ ராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. ஆட்களை உட்காரவைத்துப் படமெடுக்கும்போது பின்னால் தொங்குமே, தடாகமும் தூணும் போட்ட படுதா, அதை வரையக் கூப்பிட்டார்கள். வரைந்து முடித்தேன். கூலி வாங்கிக்கொண்டு போகாமல் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். முதலாளி நல்ல மனிதர். கறுப்புத் துணிக்குள் தலையைவிடவும், பிளேட்டு என்கிற கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கவும் கற்றுக் கொடுத்தார். ஒன்றரை வருஷத்தில் பாதி வேலை படிந்திருந்தபோது அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

கடையை மூடிவிடுவார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. நானும் நினைத்தேன். பதினேழாம் நாள் காலையில் அவருடைய மனைவி சிவகாமி அம்மாள் சாவிக்கொத்தோடு வந்து கதவைத் திறந்தார். "தம்பி, தண்ணி எடுத்து வைங்க. பிளேட்டு கழுவணும்" என்றார். அவ்வளவுதான். அழுகையும் இல்லை, பிரசங்கமும் இல்லை.

எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. அத்தனை வருஷமும் நெகட்டிவ்களுக்குப் பென்சில் வேலை செய்தது முதலாளி அல்ல, இந்த அம்மாள்தான். கண்ணாடி நெகட்டிவை ஒரு சாய்மேசையில் வைத்து, கீழேயிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டு வெளிச்சம் வரும்படி செய்து, தலைக்கு மேல் துணி போட்டுக்கொண்டு உட்காருவார்கள். மீடியம் என்று ஒரு மெழுகு போன்ற எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார்கள். அதைத் தேய்த்தால்தான் பென்சில் பிடிக்கும். ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்துச் சுருக்கத்தையும் வடுவையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். புதுக்கோட்டையில் பத்து வயது இளமையாகச் சுவரில் தொங்கிய வக்கீல்கள் அத்தனை பேரும் அந்த அம்மாளின் பென்சிலுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

ஆனால் பென்சிலைவிடப் பெரிய வித்தை ஒன்று அவரிடம் இருந்தது. எங்கள் ஸ்டூடியோவின் வடக்குக் கூரை முழுக்கக் கண்ணாடி. அதன் அடியில் வெள்ளையும் நீலமுமாகத் துணித்திரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு. எந்தத் திரையை எவ்வளவு இழுக்கிறோமோ அந்த அளவுக்கு முகத்தில் வெளிச்சம் மாறும். விதவையான ஒரு பெண், முன்பின் தெரியாத ஆண்களுக்கு முன்னால் நின்று மோவாயைத் தொட்டுத் திருப்பி உட்காரவைக்கிற காலமா அது? அதனால் அம்மாள் ஒரு ஏற்பாடு செய்தார். கயிறுகளையெல்லாம் மரத்தட்டிக்குப் பின்னால் கொண்டுபோனார். தட்டியில் அவர் பார்க்க ஒரு இடுக்கு. ஆண்கள் படத்துக்கு உட்கார்ந்தால் நான் முன்னால் நின்று மோவாயைத் திருப்புவேன், படம் பதிய ரப்பர் பல்பை அமுக்குவேன். திரைகள் தாமாக நகரும். வந்தவர்கள் என்னை மந்திரவாதி போலப் பார்ப்பார்கள். நானும் அதற்கேற்றபடி மீசையைத் தடவிக்கொள்வேன்.

பெண்கள் வந்தால் கதை தலைகீழ். கேமராவில் பிளேட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விட வேண்டும். உள்ளே எல்லாம் அம்மாள்தான். வெளிச்சம், உட்காரவைப்பது, பல்பு எல்லாம். அவர் யாரையும் சிரிக்கச் சொன்னதே கிடையாது. "வண்டி கட்டியா வந்தீங்க? எம்புட்டு நேரமாச்சு?" என்று ஏதாவது கேட்பார். அவர்கள் பதில் சொல்லி முடித்து வாயை மூடுகிற அந்தக் கணத்தில் எடுத்துவிடுவார். பதில் சொல்லி முடித்த முகத்தில் பயம் இருக்காது என்பார். இதை நான் ஆண்களிடம் செய்து பார்த்தேன். அவர்கள் பதிலை முடிப்பதாகவே இல்லை.

இப்படி ஏழெட்டு வருஷம் ஓடியது. யுத்தம் வந்தது. பிளேட்டும் காகிதமும் சீமையிலிருந்து வருவது சுருங்கிப்போனது. திருச்சியில் சரக்கு விற்றவர்கள், முதலில் பாதி கொடுத்தார்கள், பிறகு கால் கொடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் கையை விரித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் திருச்சிப் பக்கத்துப் படக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். இருக்கிற சரக்கை உண்மையான தொழில்காரர்களுக்கு மட்டும் பங்கிட்டுக் கொடுப்பது, பொழுதுபோக்குக்குப் படமெடுக்கும் பணக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகாமல் தடுப்பது, இதுதான் அதன் நோக்கம். நியாயமான நோக்கம்தான். சங்கத்தில் சேர்ந்தால் பிளேட்டு, சேராவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். எங்களிடம் மிச்சமிருந்தவை ஒரு மாதத்துக்குக் காணாது.

சங்கத்துச் செயலாளர் படிவத்தோடு நேரிலேயே வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் தோல்பை. "ஒரு கடைக்கு ஒரு ஆளு. கேமராவைத் தன் கையால இயக்குறவரா இருக்கணும். மொதலாளியா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஒங்க கடையில யாரு எடுக்குறது?" என்று என்னைக் கேட்டார். அம்மாள் தட்டியை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நான்தாங்க" என்றேன்.

கூச்சமே இல்லாமல் சொன்னேன். பொய் என்று அப்போது தோன்றவும் இல்லை. கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள், அவர்களுக்கு பல்பை அமுக்குவது நான். அவர் படிவத்தைக் கொடுத்தார். நெகட்டிவோடு மூன்று படங்கள் கொண்டுவந்து குழுவிடம் காட்ட வேண்டும், அதில் ஒன்று எடுக்கச் சிரமமான முகமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். என் மனைவி கெட்டிக்காரி, கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டுவிட்டாள். "பிளேட்டு ஒங்க பேர்ல வருதுன்னா கடை எங்கிட்டு இருந்தா என்ன? கீரமங்கலத்துல சந்தைக்கு எதுத்தாப்புல எங்க மாமா கட்டடம் சும்மாதானே கெடக்கு. அங்கிட்டுப் போயிருவோம்" என்றாள். எனக்கு மூன்று பிள்ளைகள். முப்பது வயதுவரை இன்னொருவர் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றாயிற்று. ஆசை வந்ததை ஒளிக்க என்ன இருக்கிறது? வந்தது. நன்றாகவே வந்தது. நான் பெயரோடு போய்விட்டால் அம்மாளுக்கு ஒரு பிளேட்டும் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் நினைக்காமல் தாண்டித் தாண்டிப் போனேன்.

படிவத்தைப் பூர்த்தி செய்தேன். "இக்கடையில் கையால் படமெடுப்பவர்" என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். கடை உரிமையாளர் கையெழுத்துக்காக அம்மாளிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இனி அந்தச் சிரமமான முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். விவசாயக் குடும்பம். மகன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே எங்கோ இருந்தான். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் போனவன். அவன் போன பிறகு மருமகளுக்குப் பெரியம்மை போட்டுப் பிழைத்திருக்கிறாள். அவன் பெண்டாட்டியின் படம் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தான். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். "ஒரு தழும்புகூடத் தெரியக் கூடாது ஆத்தா. தெரிஞ்சா எம் மகன் லீவுல ஊருக்கே வர மாட்டான்" என்று மாமியார் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பிளேட்டை ஏற்றிவிட்டு வழக்கம்போல வெளியே போனேன். அன்று எவ்வளவோ நேரம் கதவு திறக்கவில்லை. தெருவில் வெயில் என்னைத் தாண்டி எதிர்ச்சுவருக்கு ஏறிவிட்டது.

அந்தப் படத்தை அம்மாளே கழுவினார், அம்மாளே பிரதியும் போட்டார். உலர்த்த வைத்திருந்தபோது தற்செயலாக என் கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டேன். ஓர் இளம்பெண், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நேராகப் பார்க்கிறாள். அவள் கண்தான் முதலில் தெரியும். உற்றுப் பார்த்தால்தான் கன்னத்துத் தழும்புகள் மெல்லத் தெரியும். தெரிந்தாலும் அவை அந்த முகத்துக்குச் சொந்தமானவையாகத்தான் தெரியும். அந்தக் காலத்துப் பிளேட்டுக்குச் சிவப்பு என்றால் கறுப்பு. அம்மைத் தழும்பைக் கரியைப் போல வாரிப் பூசிக் காட்டும். அதை இவ்வளவு பதமாகத் தணித்திருக்கிறாரே, எத்தனை நாள் பென்சில் வேலையோ என்று வியந்தேன். என் ஆயுளில் அதைவிட நல்ல முகப்படம் நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அதேதான் சொல்வேன்.

திருச்சிக்கு நான் எடுத்துவைத்த மூன்றில் அதுவும் ஒன்று. பிளேட்டை ஏற்றியது நான்தானே, கேமராவை நிறுத்தியது நான்தானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். பெட்டியிலிருந்து நெகட்டிவையும் மிச்சமிருந்த ஒரு பிரதியையும் உறையோடு அப்படியே எடுத்தேன், நெகட்டிவை வெளியே எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. அம்மாளிடம் கேட்கவும் இல்லை. பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில், கண்ணாடித் தகடுகள் மூன்றையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஒரு மாடி அறையில் குழுவினர் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஒல்லியான முதியவர். ஒரு கண்ணுக்கு மட்டும் பெரிதாகக் காட்டும் கண்ணாடி வைத்திருந்தார். முதலில் ஒரு வக்கீலின் படம். "ம்" என்றார். அடுத்தது குடுமியான்மலைக் கோவில் வாசலில் நான் எடுத்த கல்யாணக் கூட்டத்தின் குரூப் படம். அதில் நாற்பது பேரும் கண்ணைத் திறந்திருப்பார்கள். எனக்கு அதில் தனிப் பெருமை. "பரவாயில்ல" என்றார்.

மூன்றாவதைக் கையில் எடுத்தார். பிரதியைப் பார்த்தார், நெகட்டிவைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அது நான்கு பேர் கையையும் சுற்றி வந்தது. என் மார்பு விரிந்ததை நானே உணர்ந்தேன்.

"பென்சில் வேலை யாரு தம்பி?"

"நான்தாங்க. மூணு நாள் ஆச்சு."

அவர் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதுல மீடியமே தடவலையே. தடவியிருந்தா மினுக்குமே. பென்சில் ஒரு புள்ளிகூடப் படலையே" என்றார்.

அப்போதுதான் நான் அந்த நெகட்டிவை முதல் தடவையாக வெளிச்சத்தில் பார்க்கிறேன். துடைத்துவைத்த கண்ணாடி போல இருந்தது. அத்தனையும் வெளிச்சத்தின் வேலை. தட்டிக்குப் பின்னால் தொங்கிய அந்தக் கயிறுகளின் வேலை.

"அது கெடக்கட்டும். வெளிச்சத்தை எங்கேயிருந்து விட்டீங்க? அதைச் சொல்லுங்க. நாங்களும் கத்துக்கிறோம்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கற்றுக்கொள்ளக் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. அந்தக் கயிறுகளில் ஒன்றையாவது நான் தொட்டிருந்தால் அல்லவா சொல்வதற்கு!

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டி, இடுக்கு, கயிறு, பெண்கள் வந்தால் நான் வெளியே போவது, எதையும் விடவில்லை. ஒரு உறுப்பினர், "அப்ப இந்த மனு செல்லாது" என்றார். இன்னொருவர், "அந்தம்மாவைச் சேத்தா, நாளைக்குக் கூட்டத்துக்கு வந்தாங்கன்னா எங்க உக்கார வைக்கிறது?" என்றார்.

"நாற்காலியிலதான்" என்றார் தலைவர்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "குரூப் படம் ஒங்க கையிதானே? அதை வச்சு ஒங்களைச் சேத்துக்க விதியில எடம் இருக்கு. இந்தப் படத்தை வச்சு அவங்களையும் சேக்கலாம். ஆனா ஒரு கடைக்கு ஒரு பேருதான். எந்தப் பேருன்னு நீங்களே எழுதுங்க" என்று படிவத்தைத் தள்ளினார்.

இந்த இடத்தில் எனக்குப் பெருந்தன்மை பொங்கி வழிந்தது என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. கீரமங்கலத்துக் கட்டடம் கண் முன்னால் வந்து நின்றது. பிள்ளைகள் மூன்றும் நின்றன. ஆனால் அந்த நெகட்டிவ் இன்னும் மேசை மேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே என் பெயரை எழுத என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். என் பெயரை அடித்துவிட்டுச் சிவகாமி அம்மாள் என்று எழுதினேன். எழுதிவிட்டு மாடிப்படியில் இறங்கும்போது என் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலைதான் இருந்தது.

சாயங்காலம் கடைக்கு வந்து அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். பெயரை மாற்றினேன் என்றதும் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"எந்தப் படத்தைக் காட்டுனீங்க?"

துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் முகம் அப்படி மாறியதை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"அந்தப் புள்ள வேத்து ஆம்பள கண்ணுல பட மாட்டேன்னு அழுததாலதானே கழுவுறதைக்கூட ஒங்ககிட்ட விடாம நானே செஞ்சேன்? நாலு பேரு கையில கொடுத்துச் சுத்த விட்டீங்களா?"

அவிழ்த்த துண்டை நான் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"பென்சிலே வைக்காதீங்கன்னு மாமியாருக்குத் தெரியாம எங்கிட்ட கெஞ்சுச்சு. 'அவரு வந்து பாக்கையில வேற யாரோன்னு நெனச்சுறக் கூடாது, இப்ப இருக்குற நான்தான் போகணும்'னு சொல்லுச்சு. எம்புட்டு நேரமோ திரையை மாத்தி மாத்திப் பாத்து எடுத்தது அது. ஒங்க பேரு போட்டுக்கங்க, கடை போட்டுக்கங்க. படிவத்தைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்க போயிருவீங்கன்னும் தெரியும். மூணு புள்ளைக்காரரு, போனா தப்பில்லைன்னு விட்டேன். இது அப்படியா?"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்னை விட்டுக்கொடுக்க மனதைத் தயார்செய்து வைத்திருந்தவர் அவர். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. எனக்கு இரண்டும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், பிரதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த நெகட்டிவைச் சுடுநீரில் சோடா உப்பு போட்டு ஊற வைத்திருந்தார். அப்படிப் போட்டால் படத்தோல் உரிந்து வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். "அம்மா, ஒங்க கையில வந்ததுலேயே பெரிய வேலைம்மா அது" என்று பதறினேன். "படம் அவ புருசன்கிட்டப் போயிருச்சு. அது போதும்" என்று விரலால் தோலை வழித்தார். கண்ணாடியைக் கழுவித் துடைத்து, படச்சட்டத்துக்கு ஆகும் என்று ஓரமாகச் சாய்த்து வைத்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி, வேலையைப் பாருங்க" என்றார். நான் கீரமங்கலத்துக்குப் போகவில்லை. என் மனைவி ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவளே அம்மாளிடம் பென்சில் வேலை கற்றுக்கொள்ளக் கிளம்பினாள்.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தபோது கடையில் ஒரு மிராசுதார் படத்துக்காகக் காத்திருந்தார். பட்டுக்கரை வேட்டி, கைத்தடி, நல்ல உருவம். அம்மாள் தட்டிக்குப் பின்னால் நின்றபடியே உறையைப் பிரித்தார். ஒருமுறை மனசுக்குள் படித்தார். இரண்டாவது முறை வாய்விட்டே படித்தார்: "கையால் படமெடுப்பவர், சிவகாமி அம்மாள்." இன்னாரின் மனைவி, இன்னாரின் விதவை என்று முன்னும் பின்னும் ஒட்டு இல்லாமல் தன் பெயரைக் காகிதத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினார். தட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். நேராகக் கேமராவிடம் நடந்துபோய் என் கையிலிருந்த பல்பை வாங்கிக்கொண்டார். மிராசுதார் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க. படம் எடுக்குறது நான்தான்" என்றார் அம்மாள்.

அவர் உட்கார்ந்தார்.